இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

எனக்குத் தெரிந்த கணக்கு மூன்றோடு முடிகிறது.
கோடுபோட்ட சட்டை, காதுக்குள் ஒரு குரல்,
தரையை அறைந்து அறைந்து தடித்துப்போன இடக்கை.
டொலீடோவிலிருந்து ஃபோர்ட் வெய்னுக்கு
வாடகைக் காரை நான்தான் ஓட்டினேன்.
இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியும்
முழங்கால் முகவாயில் இடிக்க
பக்கத்தில் லானி வாசெக்.
உங்களுக்கு அவன் சைலோ.
நெப்ராஸ்காவின் சோளக் கிடங்குபோல நிற்கிறானென்று
கம்பெனி வைத்த பெயர்.
கம்பெனிக்கே சொந்தமான பெயர்.

"விட்டுரட்டுமா, மெர்ல்?"

வாரம் ஒருமுறை கேட்பதுதான்.
இந்த முறை மடியில் ஒரு தொப்பி இருந்தது,
வெள்ளையாய், உயரமாய், ரொட்டி சுடுகிறவன் தொப்பி.
கதைப்படி சைலோவுக்கு நினைவு தப்பிவிட்டது;
தன்னை ரொட்டிக்கடைக்காரன் என்று நம்புகிறான்.
ஐந்து வாரம் கூட்டம் சிரித்தது.
ஆறாவது வாரம் சிரிக்கவும் இல்லை,
பாப்கார்ன் வாங்க எழுந்து போனது.

எழுதியவள்மேல் குற்றமில்லை.
விட்னி, பற்பசை விளம்பரத்திலிருந்து வந்தவள்.
அவளுடைய நல்ல பக்கங்களை
மாலை நாலு மணிக்கு முதலாளி கிழிப்பார்.
நாலரைக்குக் கழிப்பறையில் அழுவாள்.
ஐந்துக்கு ரொட்டி வரும்.

முன்பெல்லாம் லானிக்கு யாரும் வசனம் எழுதியதில்லை.
மைக்கை வாங்கி அரை நிமிடம் சும்மா நிற்பான்.
பதினோராயிரம் பேர் மூச்சுவிட மறப்பார்கள்.
அப்புறம் ஒரே ஒரு வாக்கியம்,
அடுத்த வீட்டுக்காரனிடம் ஏணி கேட்கிற குரலில்.
இப்போது அதையும் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள்:
'இங்கே மௌனம், நான்கு நொடி.'

என்ன சொல்ல?
ஒப்பந்தம் இன்னும் பதினான்கு மாதம்.
போனால் பெயர் இங்கேயே தங்கும்,
தேய்ந்த இடுப்பு மட்டும் கூட வரும்.
இருந்தால் பணம். நல்ல பணம்.
லிங்கனில் இரண்டு மகள்கள், இருவர் பல்லிலும் கம்பி.
இதையெல்லாம் என்னைவிட நன்றாகக் கூட்டத் தெரிந்தவன் அவன்.
நான் வைப்பரைப் போட்டேன்.
மழை பெய்யவில்லை.

எதிராளி டேவான் ரஸ்க், இருபத்திரண்டு வயது.
டிவியில் முதல் வெற்றி அவனுக்கு:
தான் சிந்திய மாவில் சைலோ தானே வழுக்கி விழ
பையன் மேலே படுத்துக்கொள்ள வேண்டும்.
அவ்வளவுதான் அவன் வெற்றி.
மூன்றாம் வரிசையில் அவன் அம்மா,
விலைச்சீட்டு கிழிக்காத கோட்டில்.

பன்னிரண்டாம் நிமிடம் காதுக்குள் "முடி" என்றது குரல்.
குனிந்து லானியின் மணிக்கட்டை அழுத்தினேன்.
திருப்பி அழுத்தினால் நலம் என்று அர்த்தம்.
அழுத்தவில்லை.
பையன் காதோரம் சொன்னது எனக்கும் கேட்டது:
"மாவு வேணாம். தூக்கு.
என் கழுத்தை நான் பாத்துக்கறேன்."

நூற்று நாற்பது கிலோ.
பாதி பையன் தூக்கியது, பாதி லானி குதித்தது.
அந்தப் பாதி தெரியக்கூடாது; அதுதான் தொழில்.
உச்சியில் ஒரு கணம் தலைகீழாக நின்றபோது
தொப்பி கழன்று விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி காதுக்குள் என் தாயையும் சேர்த்துத் திட்ட,
ஒன்று.
இரண்டு.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது.
தோளை ஓரங்குலம் தூக்கினால் போதும்,
அந்த வழியாக எத்தனையோ பேர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.
லானியின் தோள் அசையவில்லை.
கண் மட்டும் திறந்திருந்தது, கூரை விளக்குகளை எண்ணுகிறவன்போல.
எனக்கு அது அரை நிமிடமாகத் தெரிந்தது.
பிறகு கை இறங்கியது.

எழுந்த சத்தத்தில் காதுக்கருவி செத்துப்போனது,
அல்லது நானே பிடுங்கினேன்.

பியோரியா போகும் சாலையில்
அவன் போன் கரையில் போட்ட மீனாகத் துடித்துக்கொண்டே கிடந்தது.
எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை.
அரங்கத்துக்குச் சுட்ட ரொட்டியைப் பிய்த்துப் பாதி நீட்டினான்.
உப்பே இல்லை.

"பையனோட அம்மா," என்றான் வெகுநேரம் கழித்து,
"கோட்டில சீட்டைக் கிழிக்கல, பாத்தியா?
நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துருவாங்க."

பார்த்தேன் என்றேன்.
போன் மறுபடி துடித்தது.